விசில் இல்லாத எதிரொலி

அக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சுத்தப் பொய். மூக்கு நுனியில் கோபம் எனக்குத்தான். அக்காவுக்குக் கோபம் வந்தால் வராதது போல் இருப்பாள். அதுதான் பயம். பதினோரு வருடமாக அவளோடு ஒரே பட்டறையில் வேலை செய்கிறேன். உண்மையிலேயே கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதற்குக் காரணமும் நான்தான்.

நாங்கள் சின்தசைசர் செய்கிறோம். சின்தசைசர் என்றதும் கல்யாண மேடையில் வாசிக்கிற நீளமான கீபோர்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது மாட்யூல் வகை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலை தெரிந்த சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்று சத்தத்தைப் பிறப்பிக்கும், ஒன்று அதன் கூர்மையை மழுக்கும், ஒன்று எதிரொலிக்க வைக்கும். இசைக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை வாங்கி மரச்சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, கலர் கலரான வயர்களால் ஒன்றோடொன்றை இணைத்து வாசிப்பார்கள். உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது. மின்சாரம்தான் நேராகச் சத்தமாகிறது. வயரைப் பிடுங்கினால் அன்றைய சத்தம் போயே போச்சு. இப்படி ஒரு பைத்தியம் பிடித்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நான் பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன்.

பட்டறை ஒரு சலவைக்கடைக்கு மேலே இருக்கிறது. இரண்டே அறை. முன்னறை அக்காவுக்கு, பின்னறை எனக்கு. அலுமினியத் தகட்டில் ஓட்டை போடுவது, ஈயம் பற்றவைப்பது, அட்டைப்பெட்டியில் அடைத்து முகவரி ஒட்டுவது எல்லாம் நான். சர்க்யூட் யோசிப்பதும் கடைசியில் காதால் கேட்டுச் சரிபார்ப்பதும் அவள். "கை வேலை உனக்கு, காது வேலை எனக்கு" என்று முதல் நாளே பாகப்பிரிவினை செய்துவிட்டாள். கீழே நாள் முழுக்க இஸ்திரிப்பெட்டி காய்வதால் எங்கள் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். இந்தப் பெட்டிகளுக்குச் சூடு மாறினால் சுதி நகர்ந்துவிடும். அதனால் சரிபார்க்கும் நாளில் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, அரை மணி நேரம் காய விடுவாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டி உட்காருவாள். நான் உள்ளே போகக் கூடாது. என் உடம்புச் சூட்டில் சுதி மாறிவிடுமாம். நானும் பதினோரு வருடமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

சரிபார்த்து முடித்ததும், உள்ளே இருக்கும் குட்டித் திருகு அசையாமலிருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பாள். கருஞ்சிவப்பு. நகத்தில் பூசி நான் பார்த்ததே இல்லை. திருகுகளுக்கு மட்டும் வருடத்துக்கு நாலு பாட்டில் ஆகும். அந்தச் சொட்டு விழுந்துவிட்டால் அது அக்கா கொடுத்த வாக்கு. பெட்டியைப் பிரித்துப் பார்க்கிற இசைக்காரர்கள்கூட அந்தச் சிவப்பைக் கண்டால் பேசாமல் மூடிவிடுவார்கள்.

இந்த வருடம் அவள் புதிதாகச் செய்தது ஓர் எதிரொலிப் பெட்டி. உள்ளே ஒரு சிப் இருக்கிறது. கிணற்றங்கரையில் ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவது போல, அது சத்தத்தைத் துளித்துளியாகக் கைமாற்றி அனுப்பும். கைமாற்றுகிற வேகத்தைக் குறைத்தால் எதிரொலி நீளும். ஆனால் ரொம்பக் குறைத்தால் அந்தக் கைமாற்றும் சத்தமே வெளியே கேட்கும், மெல்லிய விசிலாக. இந்த வகைப் பெட்டி எல்லாவற்றுக்கும் உள்ள வியாதி இது. குட்டித் திருகைத் திருகினால் விசில் அடங்கும். கூடவே இசையும் கம்பளி போர்த்தினாற்போல் மங்கும். விசில் நிற்கிற இடத்தில் நிறுத்த வேண்டும், ஒரு மயிரிழை கூடப் போகக் கூடாது. அதற்குத்தான் அக்காவின் காது.

இந்தத் தடவை அதிகம் திருகவே தேவையில்லாமல் போய்விட்டது என்று அவள் சொன்னபோது நான் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை.

"சர்க்யூட்ட மாத்திப் போட்டேன்டா. கொஞ்சமா திருகினாலே விசில் நின்னுடுது. சத்தம் எவ்வளவு பளிச்சுனு இருக்கு பாரு" என்றாள்.

எனக்கு அவள் முகம்தான் பளிச்சென்று இருந்தது. ஐம்பத்தேழு வயதில் ஒருத்தி அப்படிச் சிரித்தால் நாம் என்ன செய்ய முடியும்? முப்பது பெட்டிகள் தயார். புதுக் கருவிகள் செய்கிறவர்களும் வாசிக்கிறவர்களும் வருடத்துக்கு ஒரு தடவை கூடுகிற கண்காட்சி சனிக்கிழமை. அங்கே கொடுப்பதற்கு அட்டை அச்சடித்தேன். 'விசில் இல்லாத எதிரொலி' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். அது என் யோசனைதான். அவள் வேண்டாம் என்றுகூடச் சொன்னாள்.

புதன்கிழமை மத்தியானம் கொக்கு வந்தாள். கொக்கு என்பது நான் வைத்த பெயர். நெட்டையாக, கழுத்தை நீட்டி நீட்டிப் பேசுகிற பெண்; எங்கள் பெட்டிகளை வைத்துத்தான் மேடையில் வாசிக்கிறாள். சனிக்கிழமை எங்கள் மேசையில் புதுப் பெட்டியை வாசித்துக் காட்டப் போகிறவள் அவள்தான். அக்காவின் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்துப் பார்த்தாள். சூப்பர் அக்கா, சூப்பர் அக்கா என்றாள். நான் பின்னறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சலில் தகடு அறுத்துக்கொண்டிருந்தேன். போகும்போது படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணா, அக்காகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. எதிரொலிய நீளமா வச்சா ஒரு விசில் வருது. ஊசி குத்துற மாதிரி."

"உன் வயர் பழசா இருக்கும். வருஷக்கணக்கா அதையே மாட்டிக்கிட்டுத் திரியற" என்று எரிந்து விழுந்தேன்.

"வயர் அக்காவோடதுண்ணா."

அவள் இறங்கிப் போன பிறகும் நான் படியிலேயே நின்றேன். அக்கா டீ வாங்கக் கீழே போன நேரம் பார்த்து முன்னறைக்குள் நுழைந்தேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டினேன். எதிரொலியை நீட்டும் நாப் குமிழை முழுக்கத் திருப்பினேன்.

விசில் இருந்தது. மெல்லியதாக எல்லாம் இல்லை. காதுக்குள் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு ஊதுவது போல இருந்தது. அடுத்த பெட்டியை மாட்டினேன். அதிலும். அதற்கடுத்ததிலும். மூன்றிலும் அவளுடைய சிவப்புச் சொட்டு பத்திரமாக இருந்தது.

சர்க்யூட் விசிலைக் குணப்படுத்தவில்லை. அக்காவுக்கு அது கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். பட்டறை வைப்பதற்கு முன் பதினைந்து வருடம் மேடைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவள் அவள். ஆள் உயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றே வாலிபம் போயிற்று. மேல் சுதிகள் மட்டும் காதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டிருக்கின்றன. போன வருடம் ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்து கீ கீ என்று கத்தியபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்காததை இப்போது நினைத்துக்கொண்டேன். அலட்சியம் என்று அன்றைக்கு அவளைத் திட்டியிருந்தேன்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தோன்றியது ஒன்றுதான்: இது அவளுக்குத் தெரியக் கூடாது. காதுதான் அவள். காது போச்சு என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? மறுநாள் காலை அவளுக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. கடைவாய்ப்பல் பிடுங்குவது, மத்தியானம்தான் வருவாள். அதற்குள் முப்பதையும் நானே திருகி, அதே பாலிஷை வைத்து மூடிவிட்டால் கதை முடிந்தது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. என் மூளைக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

வியாழக்கிழமை அவள் படியிறங்கியதும் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். அரை மணி நேரம் காய விட்டேன். திருட்டு வேலையிலும் முறை தவறவில்லை. அலமாரியில் துணி போர்த்தி வைத்திருந்த ஆசிலோஸ்கோப்பை இறக்கினேன். சத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டுகிற கருவி அது. அக்கா அதைத் தொடவே மாட்டாள். "கண்ணால கேக்குறவங்களுக்குத்தான்டா அந்த டப்பா" என்பாள். விசில் இருக்கும்வரை கோடு ரம்பம்போல் நெளிந்தது. திருகத் திருக நெளிவு அடங்கி நேர்கோடானது. காதாலும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, சிவப்புச் சொட்டு வைத்தேன். பூட்டுக்காரன் கை, ஒரு சொட்டும் சிதறவில்லை.

பதினோரு பெட்டி முடிந்திருந்தது. பன்னிரண்டாவதின் சொட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

வீங்கிய கன்னத்தில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அக்கா நின்றாள். பல் லேசில் வந்துவிட்டதாம், சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம். கையும் களவுமாகப் பிடிபட்டவன் எப்படி முழிப்பானோ அப்படி முழித்தேன். ஒரு கையில் திருப்புளி, ஒரு கையில் நெயில் பாலிஷ்.

"என்னடா பண்ற?"

"சொட்டு சரியா ஒட்டலக்கா. உரிஞ்சு வந்துடுச்சு. அதான்…"

மரத்துப்போன வாயோடு அவள் மேசைக்கு வந்தாள். முடிந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "நான் பத்து மணில விட்ட திருகு ஒரு மணில நிக்குது" என்றாள். கடிகார முள்ளைப் போல்தான் அவள் திருகின் பிளவை ஞாபகம் வைத்திருப்பாள். ஸ்கோப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "என் சத்தத்த மழுக்கியிருக்க. யார் சொன்னா?"

நான் பாலிஷ் பாட்டிலை மூடினேன்.

"யார் சொன்னான்னு கேக்குறேன்."

பொய்க்குச் சப்பைக்கட்டுக் கட்டுவதில் நான் எப்போதுமே மட்டம். நான் திருகாத பெட்டி ஒன்றையும் திருகிய பெட்டி ஒன்றையும் ஸ்பீக்கரில் இணைத்தேன். எதிரொலியை நீளமாக வைத்தேன். முதல் பெட்டியின் விசில் அறை முழுக்கக் கிழித்துக்கொண்டு போனது. எனக்குப் பல் கூசியது. மாற்றினேன். சத்தமில்லை. மறுபடி மாற்றினேன். விசில்.

"வித்தியாசம் தெரியுதாக்கா?"

கவனமாகக் கேட்டாள். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அவள் எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"ரெண்டும் சும்மாதானே இருக்கு. நீ இன்னும் ஒண்ணும் வாசிக்கலையே" என்றாள்.

பிறகு கண்ணைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். விசில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். மெதுவாகக் கையை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தாள். என் முகம் தளர்ந்தது. மறுபடி போட்டாள். சுருங்கியது. அணைத்தாள். அப்படி மூன்று தடவை, என் மூஞ்சியை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"கொக்குவுக்கு. எனக்கு. நேத்துதான்."

"கொக்கு உன்கிட்ட சொன்னா. நீ ஸ்கோப்புகிட்ட சொன்ன. அந்த டப்பாவுக்குக்கூடத் தெரியும். என் காது போனது எனக்கு மட்டும் தெரியக் கூடாது, இல்ல?"

"நீ கஷ்டப்படுவன்னுதான்க்கா."

"கஷ்டப்படறேன்டா. பட வேண்டியதுதானே? என்னோட காதுடா அது." குரல் உயரவில்லை. மரத்த வாயில் வார்த்தைகள் வழுக்கி வழுக்கித்தான் வந்தன. வேறு நாளாக இருந்தால் அதை வைத்தே ஒரு மாதம் கிண்டல் செய்திருப்பேன். "இன்னிக்கு இந்த முப்பதை ஒப்பேத்திடுவ. நான் அடுத்தது செய்வேன், அதுக்கடுத்தது செய்வேன். ஒவ்வொண்ணையும் எனக்குத் தெரியாம நீ பின்னாடி வந்து திருத்துவ. நான் கெத்தா உக்காந்துட்டிருப்பேன், பொம்மை மாதிரி. அப்படித்தானே?"

அப்படித்தான். நான் அதுவரை யோசிக்கவில்லை, ஆனால் அப்படித்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். கீழே இஸ்திரிப்பெட்டி நீராவி விடுகிற சத்தம் கேட்டது. அது அவளுக்குக் கேட்கிறதா என்று நினைத்தேன். இனிமேல் ஒவ்வொரு சத்தத்துக்கும் இப்படி நினைக்கப் போகிறேன் என்று நினைத்ததும் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

"நீ ஸ்கோப்ப பாத்துத் திருகுக்கா. நான் பக்கத்துல நின்னு கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"நான் கேக்கணும்டா" என்றாள்.

எழுந்து சுவரை ஒட்டி நிற்கும் மரச்சட்டத்தின் முன் போனாள். இத்தனை வருடத்தில் நாங்கள் செய்த எல்லா மாட்யூலிலும் முதல் பிரதி அதில் இருக்கிறது. கொத்தாக வயர்களைப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் உடைக்கப் போகிறாள் என்று நினைத்து நான் ஓடினேன். அவள் பிடுங்கியவற்றில் நாலை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் கையில் திணித்தாள். எதிரொலிப் பெட்டியின் வாயிலிருந்து ஒரு மஞ்சள் வயர். சத்தம் பிறப்பிக்கிற பெட்டியிலிருந்து ஒரு நீல வயர். இரண்டும் ஒரே மாட்யூலுக்குள் போயின. நாங்கள் மூன்றாம் வருடம் செய்து, யாரும் அதிகம் வாங்காத மாட்யூல் அது. இரண்டு சத்தங்களை உள்ளே விட்டால் இரண்டையும் விழுங்கிவிட்டு, அவற்றுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைத் தனிச் சத்தமாக வெளியே துப்பும்.

"விசில் என்னா உயரத்துல இருக்கு, ஸ்கோப்புல பாத்துச் சொல்லு."

"ஒன்பதாயிரம் ஹெர்ட்ஸ் சொச்சம்."

நீல வயர்ப் பெட்டியின் நாபை மேலே கொண்டு போனாள். அந்தச் சத்தமும் அவள் காதைத் தாண்டிப் போயிருக்கும். எட்டாயிரத்து ஐந்நூறை நெருங்கும்போது ஸ்பீக்கரில் ஒரு சத்தம் மேலிருந்து கீழே சறுக்கிக்கொண்டு வந்தது. தாழ்ந்து, தடித்து, ஆள் குரல் உயரத்தில் வந்து நின்றது. கேட்கவே முடியாத அந்த விசிலை மாடியிலிருந்து கையைப் பிடித்துக் கீழே இறக்கிக் கூட்டி வந்துவிட்டாள்.

அக்கா அசையாமல் நின்றாள்.

"இதாடா அது?"

"இதான்க்கா."

"இவ்வளவு சத்தமாவா?"

"இவ்வளவு சத்தமாத்தான்."

"அசிங்கமா இருக்கு" என்றாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பிலேயே அழுதாள். எனக்கும் வந்தது, சொல்ல வெட்கமில்லை.

திருப்புளியை என் கையிலிருந்து வாங்கித் திருகை மெல்லத் திருகினாள். அந்தத் தடித்த குரல் தேய்ந்தது, தேய்ந்து நூலானது, நின்றது. நின்ற இடத்திலேயே அவள் கையும் நின்றது. ஸ்கோப்பைப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது. ஹெட்ஃபோனில் கேட்டேன். விசில் இல்லை, இசையும் மங்கவில்லை. நான் ஒரு மணிக்குத் திருகியதை அவள் பன்னிரண்டரையிலேயே நிறுத்தியிருந்தாள். நான் செய்த பதினொன்றிலும் தேவைக்கு மேல் கம்பளி போர்த்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பதினொன்றையும் மறுபடி பிரித்தாள்.

சனிக்கிழமை மண்டபத்தில் எங்கள் மேசை முன்னால் நல்ல கூட்டம். கொக்கு வந்ததும் அக்கா அவள் காதைப் பிடித்தாள். எட்டவில்லை, கொக்கு குனிந்து கொடுத்தாள். "இனிமே என்கிட்ட நேரா சொல்லு. படிக்கட்டுல நின்னு சொல்ற வேலையெல்லாம் வேண்டாம்." கொக்கு தலையாட்டிவிட்டு வாசித்தாள். எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். நரைத்த தாடி, நாற்பது வருடமாக இதே தொழில். "மேல் சத்தம் எனக்குக் கேக்காதுங்க. அதான் கீழ இறக்கிக் கேட்டேன்" என்று கடைக்கு வழி சொல்வது போலச் சொன்னாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அந்த வயர் இணைப்பை ஒரு காகிதத்தில் வரைந்து தர முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். வரைந்து கொடுத்தாள்.

கொக்கு எதிரொலியை முழு நீளத்துக்குத் திருப்பினாள். அட்டையை வைத்துக்கொண்டு நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அக்கா என் பக்கம் சாய்ந்தாள். "விசில் இருக்கா?"

"இல்லக்கா. சுத்தமா இல்ல."

அவள் தலையாட்டினாள். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். உள்ளே சின்ன மரச்சட்டத்தில் இரண்டே மாட்யூல், நாலு வயர், ஒரு ஹெட்ஃபோன். எனக்குத் தெரியாமல் எப்போது கட்டினாளோ. மஞ்சளை எங்கள் எதிரொலிப் பெட்டியில் மாட்டி, நீலத்தை மாட்டி, நாபை மேலே கொண்டுபோய், கண்ணை மூடிக் கேட்டாள். எவ்வளவு நேரம் கேட்டாள் என்று சொல்லத் தெரியவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றியபோது முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது.

"நான் சொன்னா நம்ப மாட்டியா?" என்றேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

"நம்பாம இல்லடா" என்றாள், வயரைப் பிடுங்கிக்கொண்டே. "ஆனா நீ ஒரு தடவ எனக்கு நல்லது பண்ணப் பாத்தவன்."

வயர்களைச் சுருட்டி அவள் பைக்குள் வைத்தேன்.